அகபாந்தஸ்

அகபாந்தஸ் என்பது நீலநிறப் பூக்களைத் தரும் பல்லாண்டுத் தாவரப் பேரினம் ஆகும். தென்னாப்பிரிக்காவும் அதனை அடுத்துள்ள லெசோத்தோ, எசுவாத்தினி, மொசாம்பிக் ஆகிய நாடுகளும் இதன் தாயகமாகும். தடித்த மட்டநிலத்தண்டிலிருந்து வார் போன்ற நீண்ட இலைகள் தோன்றுகின்றன. இலையற்ற காம்பின் உச்சியில் குடை வடிவில் பூக்கள் கொத்தாக மலர்கின்றன. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை நகரங்களின் பூங்காக்களிலும் இது வளர்க்கப்படுகிறது.

பெயரும் வகைப்பாடும்

அன்பு, மலர் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே இப்பெயர். ஆப்பிரிக்க அல்லி, நைல் அல்லி என்ற பெயர்களும் வழங்குகின்றன. எனினும் இது அல்லியும் அன்று. நைல் ஆற்றங்கரையில் இயற்கையாக வளர்வதும் அன்று. முன்னர் லில்லியேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம் தற்போது அமரில்லிடேசி குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. 1965இல் பத்து இனங்கள் எனக் கணக்கிடப்பட்டது. 2003இல் டி.என்.ஏ. அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் கொண்டு ஆராய்ந்தவர்கள் அவற்றை ஆறாகக் குறைத்தனர்.

வாழிடமும் இயல்பும்

ஓர் இனத்தை எங்கு வளர்க்கலாம் என்பதை அதன் தாயகத்து மழைக்காலமே பெரிதும் முடிவு செய்கிறது.

• பசுமைமாறா இனங்கள்: ஆப்ரிக்கானஸ், பிரேகாக்ஸ் என இரண்டு. ஆப்ரிக்கானஸ் குளிர்கால மழை பெறும் மேற்குக் கேப் மலைகளின் மணற்பாறைகளில் வளர்வது. காட்டுத்தீக்குப் பின் மிகுதியாகப் பூக்கும். தோட்டத்தில் வளர்ப்பது கடினம். பிரேகாக்ஸ் கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளைச் சேர்ந்தது, எளிதில் வளரக்கூடியது.
• இலையுதிர் இனங்கள்: கம்பானுலேட்டஸ், காலெசென்ஸ், கோடியை, இனாபெர்ட்டஸ் என நான்கு. கோடைமழை பெறும் உள்நாட்டு மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் இலைகளை இழந்து உறங்குவதால் உறைபனியை ஓரளவு தாங்குகின்றன. இனாபெர்ட்டஸின் குழல் வடிவப் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும்.

ஆப்ரிக்கானஸ் என்ற பெயரில் விற்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை உண்மையில் பிரேகாக்ஸ் ஆகும். ஆதலால் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல், குளிர்காலத்தில் இலை நிற்கிறதா, உதிர்கிறதா என்று அறிந்து கொள்வது நல்லது.

வளர்ப்பு

எல்லா இனங்களுக்கும் நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் தேவை. நிழலில் இலைகள் செழித்தாலும் பூக்கள் குறையும்.

கடுங்குளிர் நாடுகளில் இலையுதிர் இனங்களும் அவற்றின் கலப்பினங்களுமே நிலத்தில் நடுவதற்கு ஏற்றவை. குளிர்காலத்தில் அவற்றின் அடிப்பகுதியை வைக்கோலால் மூடிக் காப்பர். ஈரமும் குளிரும் சேர்ந்தால் தண்டு அழுகிவிடும். பசுமைமாறா வகைகளைத் தொட்டிகளில் வளர்த்து, உறைபனிக்கு முன் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இங்கிலாந்தில் லூயிஸ் பால்மர், கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து பெற்ற விதைகளிலிருந்து குளிர்தாங்கும் ஹெட்போர்ன் கலப்பினங்களை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கினார்.

கலிபோர்னியா, நடுநிலக்கடல் நாடுகள் போன்ற மிதமான பகுதிகளில் பிரேகாக்ஸ் ஆண்டு முழுவதும் வெளியில் வளரும். வேரூன்றிய பின் வறட்சியையும் தாங்கும். தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் திசம்பர் முதல் பெப்ரவரி வரையும், வட அரைக்கோளத்தில் சூலை, ஆகத்து மாதங்களிலும் பூக்கும்.

நெருங்கிய கொத்துகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நடலாம். விதையிலிருந்து வளரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அது தாய்ச்செடியை ஒத்திருக்கும் என்பதும் உறுதியில்லை.

பூச்சியும் களைத்தன்மையும்

2014இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு 2016இல் அறிவியல் பெயரிடப்பட்ட ஒரு சிறு ஈயின் புழுக்கள் மொட்டுகளினுள் வாழ்ந்து அவற்றை விரியாமல் செய்கின்றன. தாக்கப்பட்ட மொட்டுகளை நீக்கி அழிக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் பேணிக் காக்க வேண்டிய பிரேகாக்ஸ், நியூசிலாந்தில் களையாகிவிட்டது. சாலையோரங்களிலும் கடற்கரைப் பாறைகளிலும் அடர்ந்து படர்ந்து, உள்நாட்டுத் தாவரங்கள் வளர இடமில்லாமல் செய்கிறது. இத்தகைய பகுதிகளில் விதை முற்றுமுன் வாடிய பூங்கொத்துகளை வெட்டிவிடுவதும், விதை உண்டாக்காத வகைகளைத் தேர்ந்தெடுப்பதும் பரவலைக் குறைக்கும்.