படையைக் கலைத்த உலகில் ஒரு போர்முனை

ஒரு விண்கலத்தின் தளபதி நீங்கள் என்று வைத்துக் கொள்வோம். உங்கள் கலம் ஒரு கோளைச் சுற்றி வருகிறது. ஒரு நகரத்தையே பொசுக்கிவிடக் கூடிய ஆயுதங்கள் அதில் இருக்கின்றன. கீழே பாறைகள் நிறைந்த ஓரிடத்தில் பகைவரின் செய்தித் தொடர்பு நிலையம் ஒன்று. அதைச் சேதமில்லாமல் கைப்பற்ற வேண்டும். கைப்பற்றிய பின் மாதக்கணக்கில் விடாமல் காக்கவும் வேண்டும். மேலே இருந்தபடியே இதை உங்களால் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி ஒரு புகழ்பெற்ற விஞ்ஞானக் கதைக்குள் மெல்ல மெல்ல நுழைந்த கேள்வி. அக்கதையின் பெயர் 'ஸ்டார் டிரெக்'. 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் வளர்ந்தது. அதில் வரும் எதிர்காலம் நம்மைப் பொறாமைப்பட வைக்கும். பூமியில் பசி இல்லை, வறுமை இல்லை, நாடுகளுக்கிடையே சண்டை இல்லை. பூமியும் வேறு சில கோள்களும் சேர்ந்து 2161-ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பை நிறுவுகின்றன. அதன் விண்கலங்களை இயக்கும் அமைப்புக்கு ஸ்டார்ஃப்ளீட் என்று பெயர். அதில் இருப்பவர்கள் சீருடை அணிகிறார்கள், பதவிப் பெயர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய முதல் வேலை ஆராய்ச்சிதான்.

அப்படியானால் தரைப்படை? முதல் தொடரில் அதை நீங்கள் தேடினாலும் கிடைக்காது. புதிய கோளில் இறங்குவது யார் தெரியுமா? கலத்தின் தலைவர், விஞ்ஞான அதிகாரி, மருத்துவர், அவர்களோடு சிவப்புச் சட்டை அணிந்த ஓரிரு காவலர்கள். அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்தான் பெரும்பாலும் முதலில் உயிரை விடுவார். இது ரசிகர்களிடையே பெரிய வேடிக்கையாகிவிட்டது. கோட்டையைப் பாதுகாக்க வேண்டியவரும் மருத்துவரும் ஒரே குழுவாக இறங்குவது எந்தப் படைப்பள்ளியிலும் ஒப்புக் கொள்ளப்படாத முறை!

இதைத் தோற்றுவித்த ஜீன் ராடன்பரி போரை அறியாதவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். மனிதகுலம் ஒருநாள் போரைத் தாண்டி வளரும் என்று காட்ட அவர் விரும்பினார். பணமும் ஒரு காரணம்தான். ஒவ்வொரு வாரமும் கலம் தரையிறங்குவதைப் படமாக்கச் செலவு மிகுதி. அதனால்தான் மனிதரை ஒளிக்கற்றையாக்கி நொடியில் கீழே இறக்கும் கருவி கதைக்குள் வந்தது. ஆறு பேரை இறக்க அது போதும். ஆறாயிரம் பேரை இறக்குவதைப் பற்றி யாரும் அப்போது கவலைப்படவில்லை.

பின்னால் வந்த கதாசிரியர்கள் இந்த இடைவெளியைக் கவனித்தார்கள். 2003-இல், கூட்டமைப்புக்கு முந்திய காலத்தைக் கூறும் தொடரில், 'மேக்கோ' என்னும் தனித் தரைப்படை பூமிக்கு இருந்ததாகக் காட்டினார்கள். கூட்டமைப்பு பிறந்ததும் அப்படை கலைக்கப்பட்டதாக 2016-இல் வந்த திரைப்படம் சொல்கிறது. அதில் ஒரு பழைய மேக்கோ அதிகாரிக்கு விண்கலம் ஒன்றின் தலைமையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போர்வீரனுக்கு இடமில்லாத உலகில் அந்த மனிதன் கசந்து போகிறான்.

ஆகவே நம் கேள்வி கூர்மையாகிறது. விண்கலம் இருக்கும்போது காலாள் எதற்கு? இதற்குக் கதையை விட்டுவிட்டு நாம் படித்த பௌதிகத்தைக் கேட்போம்.

பூமிக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் ஒரு சுற்றை ஏறத்தாழ 92 நிமிடத்தில் முடிக்கிறது. தரையில் நிற்கும் ஒருவர் கண்ணுக்கு அது அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறையச் சுமார் 10 நிமிடமே ஆகும். அடுத்த சுற்றுக்குள் பூமி சுழன்று விடுவதால், நிலநடுக்கோட்டில் அதன் பாதை சுமார் 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போய்விடும். பகைவன் அந்தப் பத்து நிமிடம் குகைக்குள் உட்கார்ந்திருந்தால் போதும்.

'ஒரே இடத்துக்கு மேல் நிற்கலாமே?' என்பீர்கள். நிற்கலாம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் கலம் பூமியோடு சேர்ந்தே சுழலும். ஆனால் அங்கிருந்து 1 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கியால் பார்த்தால், 20 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள இரு பொருள்களையே தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். இது கருவியின் குறை அன்று. ஒளி அலையின் இயல்பு. நண்பனும் பகைவனும் பத்து மீட்டர் இடைவெளியில் நின்றால் இருவரும் ஒரே மங்கலான புள்ளிதான். மற்றொரு வழி, 400 கிலோமீட்டர் உயரத்திலேயே இயந்திரங்களை விடாமல் இயக்கி அசையாது நிற்பது. அங்கேயும் ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்!

கதையில் உள்ள கலங்களுக்கு உயிர்களைக் கண்டறியும் நுண்கருவிகள் உண்டு என்பது உண்மைதான். அவை எல்லாம் சரியாக வேலை செய்வதாகவே வைத்துக் கொள்ளுங்கள். மேலிருந்து சுட்டால் நிலையமும் சேர்ந்து சாம்பலாகும். அழிக்க ஆயுதம் போதும். காப்பாற்றி வைத்துக் கொள்ள ஆள் வேண்டும்.

ஆள் வேண்டும் என்றதும் எந்த ஆள், எத்தனை நாளில் என்ற கேள்வி வருகிறது. படை ஆயத்தம் என்பதன் உட்பொருள் இதுதான். ஸ்டார் டிரெக் உலகில் சோறு முதல் சட்டை வரை எதையும் நொடியில் செய்துதரும் கருவி உண்டு. துப்பாக்கியையும் அப்படியே செய்து கொள்ளலாம். ஒளியை மிஞ்சும் கலம் அதைச் சில நாளில் போர்முனை சேர்த்துவிடும். ஆனால் இருட்டில் பக்கத்தில் இருப்பவனை நம்பிப் பதற்றப்படாமல் நிற்கும் பழக்கத்தை எந்தக் கருவியும் அச்சடித்துத் தராது. ஒரு வீரனைப் பயிற்றுவிக்க மாதங்கள் ஆகும்; அவர்களை ஒரு பிரிவாகச் சேர்த்துப் பழக்க இன்னும் பல மாதங்கள் ஆகும்.

நம் பூமியிலேயே இதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1945-இல் அமெரிக்கத் தரைப்படையில் 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தனர். 1950-இல் சுமார் 6 லட்சம் பேரே. அணுகுண்டு கையில் இருக்கும்போது காலாட்படை எதற்கு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் பரவியிருந்தது. 1950 ஜூன் 25-இல் கொரியப் போர் மூண்டது. ஜப்பானில் அமைதிக் காலக் காவல் வேலையில் இருந்த ஒரு சிறு பிரிவை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஜூலை 5 அன்று, ஓசான் நகருக்கு வடக்கே, சுமார் 540 பேர் வடகொரியாவின் டாங்கிகளை எதிர்கொண்டனர். அவர்களுடைய தோள்-ராக்கெட்டுகள் அந்த டாங்கிகளின் தகட்டைத் துளைக்கவில்லை. துளைக்கக் கூடிய பீரங்கிக் குண்டுகள் மொத்தம் 6 மட்டுமே இருந்தன. மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் எல்லாரையும் சேர்த்தால் 150-க்கும் மேல். உலகின் மிகப் பெரிய தொழில் வளம் பின்னால் இருந்தது. ஆனால் அது அன்று காலை அந்தக் குன்றின்மேல் இல்லை.

ஸ்டார் டிரெக் கதாசிரியர்கள் இத்தகைய ஒரு குன்றை 1998-இல் எழுதினார்கள். 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற தொடரில் அந்தக் கோளுக்குப் பெயர்கூடக் கிடையாது, ஏ.ஆர்.-558 என்ற எண் மட்டும்தான். தொடக்கத்தில் நான் சொன்ன செய்தி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கைப்பற்றிக் காக்க இறங்கியவர்கள் 150 பேர். 90 நாளுக்கு ஒருமுறை அவர்களை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்ற ஆள் இல்லை. ஐந்து மாதம் கழித்து உணவும் மருந்தும் கொண்டு ஒரு கலம் வரும்போது எஞ்சியிருப்பவர்கள் 43 பேர். வந்த கலத்தையும் பகைவர் விரட்டிவிடுகிறார்கள். மேலே இருந்த துணையும் போயிற்று.

எதிரே வருபவர்கள் யார் என்று பாருங்கள். ஜெம்ஹதார் என்னும் அந்த வீரர்கள் சோதனைக்கூடத்தில் மரபணுக்களை மாற்றிப் படைக்கப்பட்டவர்கள். சில நாளிலேயே முழு ஆளாக வளர்கிறார்கள். உறக்கம் வேண்டாம், உணவு வேண்டாம். ஒரு மருந்து மட்டும் போதும். அதாவது, ஆளைப் பழக்க ஆகும் காலத்தையே அந்தப் பகைநாடு வெட்டி எறிந்துவிட்டது. கூட்டமைப்பும் அப்படிச் செய்திருக்கலாம் அல்லவா? விஞ்ஞானம் அவர்களிடமும் இருந்தது. ஆனால் மனித மரபணுவைத் திருத்துவது அங்கே சட்டப்படி குற்றம். அந்த விலக்கின் விலையைத்தான் அந்த 43 பேர் கொடுத்துக் கொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். கதாசிரியர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆராய்ச்சியாளர்களை வைத்தே படை நடத்துவதில் ஒரு நன்மையும் அங்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடந்து திடீரென வெடிக்கும் பகைவரின் கண்ணிகள் பலரைக் கொன்றிருந்தன. பொறியியல் தெரிந்த இருவர் அவற்றை வெளிப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்து, அதே கண்ணிகளைப் பகைவர் வரும் பாதையில் வைத்தார்கள். வெறும் துப்பாக்கி தூக்கத் தெரிந்தவர்களால் இது ஆகியிருக்காது.

அந்தச் சண்டையில் நாக் என்ற இளம் அதிகாரி ஒரு காலை இழக்கிறான். கூட்டமைப்பின் மருத்துவர்கள் விரைவிலேயே அவனுக்குப் புதிய கால் பொருத்திவிடுகிறார்கள். குறையே சொல்ல முடியாத கால். ஆனால் அவன் நொண்டுகிறான்; வலிக்கிறது என்கிறான். அதே ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பான இன்னொரு கதை முழுவதும் அவன் வேலைக்குத் திரும்பாமல், கணிப்பொறி உண்டாக்கிய ஒரு பொய்யான கேளிக்கை விடுதிக்குள் போய்த் தங்கிக் கொள்வதைப் பற்றியது. அங்கிருந்து அவன் வெளியே வர வாரக்கணக்கில் ஆகிறது.