சிறுநீரகக் கல் சிகிச்சை: உள்ளே இருக்கும் குழாயை மறந்துவிடாதீர்கள்

வளைகுடா நாடுகளில் வெயிலில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் பலருக்கு வருகிற தொல்லை சிறுநீரகக் கல். உடம்பு நீர் வியர்வையாகப் போய்விடுகிறது. குடிக்கும் தண்ணீரோ குறைவு. சிறுநீர் அடர்த்தியாகி, அதிலுள்ள கால்சியம், ஆக்ஸலேட் போன்றவை படிந்து கல்லாகின்றன. ஊருக்கு விடுப்பில் வரும்போது, வீட்டு விசேஷங்களுக்கு நடுவே சிகிச்சையையும் முடித்துவிட்டுத் திரும்ப நினைக்கிறோம். அந்த அவசரத்தில் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். (வாழைத்தண்டுச் சாறு வாங்கிய நல்ல பெயரில் பாதி இந்தக் கற்கள் கொடுத்தது!) அதைவிடப் பெரிய கல் என்றால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று ஸ்கேனில் பார்த்துத்தான் மருத்துவர் வழியைத் தீர்மானிப்பார். சிறிய கல்லை வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி நொறுக்கலாம். சிறுநீர் வரும் பாதை வழியாகவே மெல்லிய குழலை விட்டு லேசரால் உடைக்கலாம். இதில் உடம்பில் கீறலே கிடையாது.

2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு வழக்கமாகச் செய்வது பி.சி.என்.எல். முன்பெல்லாம் விலாப்பக்கம் நீளமாகக் கிழித்துத்தான் கல்லை எடுத்தார்கள். 1976-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் முதுகுப்பக்கத் துளை வழியாக எடுத்துக்காட்டினார்கள். மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி சிறுநீரகத்துக்குள் ஊசியைச் செலுத்துகிறார்கள். ஊசி போன வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலக் குழலை நுழைக்கிறார்கள். கேமராவில் பார்த்துக் கல்லை உடைத்து, துண்டுகளை அந்த வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். சில நாட்களில் வீடு திரும்பலாம்.

துளை சிறியது என்பதால் ஆபரேஷனும் சிறியது என்று நினைத்துவிட வேண்டாம். இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் வர வாய்ப்புண்டு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல் வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போது அந்த விடுபடும் விஷயம். கல்லை எடுத்த பிறகு, சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைப் பலருக்கு வைப்பார்கள். அடிக்கடி சிறுநீர் வரும், சில நாள் சிவப்பாகவும் போகும், விலாவில் சுருக்கென்று வலிக்கும். பிறகு பழகிவிடுகிறது. பழகியதும் மறந்துவிடுகிறது! இது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே இருக்க வேண்டிய குழாய். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே புதுக் கல் படிந்து, இழுத்தால் வராமல் சிக்கிக்கொள்ளும், மறுபடியும் ஆபரேஷன்தான். சத்தமில்லாமல் சிறுநீரகமே செயலிழந்தவர்களும் உண்டு.

ஆகவே விமான டிக்கெட் போடும் முன், "எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?" என்று கேட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள். அதற்குள் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரும் எடுத்துவிடுவார். பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல்லி தடவி, சில நிமிடங்களில் முடிகிற வேலை அது.