தங்கவயலில் ஒற்றைச் சம்பளக் குடும்பங்கள்: மாரிகுப்பத்தின் வீட்டுக் கணக்கு தில்லியில் எழுதப்படுகிறது

புது தில்லி: சாதாரண பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயா, 30 ரூபாயா என்பது நாடாளுமன்றத்தில் அனல் பறக்கும் விவாதத்துக்கு உரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால், கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் ரயில் பாதை முடிவடையும் மாரிகுப்பத்தில், ஒருவரது சம்பளத்தை மட்டுமே நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது மாதக் கணக்கையே மாற்றி எழுதும் விஷயம்.

பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பி.ஜி.எம்.எல்.) 2001 பிப்ரவரி 28-ம் தேதியுடன் மூடப்பட்டது. அன்று வேலையிழந்த தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். சுரங்கம் இருந்த காலத்திலும் இங்கே பெரும்பாலான வீடுகளில் சம்பாதித்தவர் ஒருவர்தான். இன்றும் பல வீடுகளில் ஒருவர்தான். அன்று ஓரளவு சமாளிக்க முடிந்த ஒற்றைச் சம்பளம் இன்று ஏன் போதவில்லை? விலைவாசி உயர்வு மட்டுமே இதற்குப் பதிலாகாது.

கூலிக்கு வெளியே இருந்த வருமானம்: ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ல் இங்கு கால்வைத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பி.ஜி.எம்.எல். உருவானது.

கூலி எப்போதும் தாராளமாக இருந்ததில்லை. 'லைன்' வீடுகள் மிகச் சிறியவை. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் நோய்க்கும் இடையே ஈட்டிய பணம் அது. ஆனாலும் வீடு, தண்ணீர், மின்சாரம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் பெரும் சுமையை நிர்வாகமே ஏற்றிருந்தது. சம்பளச் சீட்டில் இடம்பெறாத இந்த இரண்டாவது வருமானம் இருந்ததால்தான், குடும்பத் தலைவரின் கூலி அரிசிக்கும் துணிமணிக்கும் போதுமானதாக இருந்தது.

நாட்டுக்காகத் தொழிலாளர்கள் சுமந்த செலவும் உண்டு. 1960-களில் தங்கவயலின் தங்கம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்கப்படவில்லை. அதைவிடக் குறைவான, சர்வதேச அளவில் நிர்ணயிக்கப்பட்டிருந்த விலைக்கே அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனால் சுரங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறிய நஷ்டம் முழுவதையும் தொழிலாளர்களின் திறமைக் குறைவாகவோ, பாறையில் தங்கம் குறைந்ததாகவோ மட்டும் கொள்ள முடியாது.

மொத்தப் பணமும் மாதப் பணமும்: 1992-ல் நிறுவனம் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் கொண்டு செல்லப்பட்டது. சர்வதேசச் சந்தையில் தங்கத்தின் விலை சரிந்து கிடந்த 2001-ல் மூடுவிழா நடந்தது. தொழிலாளர்களுக்குப் பணிமுடிப்புத் தொகை வழங்கப்பட்டது. ஆனால், மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தால் மாதந்தோறும் வரும் சம்பளத்தின் வேலையைச் செய்ய முடியாது. பழைய கடனும் மகள் திருமணமும் வாசலில் நிற்கும் வீட்டில், அது எத்தனை நாள் தங்கும்?

சம்பளம் நின்றதைவிட நீடித்த பாதிப்பை ஏற்படுத்தியது, அதுவரை விலையில்லாமலோ பெயரளவு விலைக்கோ கிடைத்தவற்றுக்கெல்லாம் விலை முளைத்ததுதான். குடிநீர், மின்கட்டணம், வைத்தியம், பள்ளிக் கட்டணம் என ஒவ்வொன்றும் வீட்டுக் கணக்கில் புதிய வரியாக ஏறியது. வரவில் ஒன்று குறைந்தபோது செலவில் நான்கைந்து கூடின.

நேரமும் ஒரு செலவு: உள்ளூரில் வேலையில்லாத நிலையில் அடுத்த தலைமுறை பெங்களூரை நோக்கித் திரும்பியது. மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் ரயிலில் மட்டும் 125 மணி நேரம் கழிகிறது. எட்டு மணி நேர வேலை என்ற கணக்கில் இது 15 வேலை நாள்களுக்கும் அதிகம். இந்த உழைப்புக்கு எவரும் கூலி தருவதில்லை.

பெங்களூரிலேயே குடியேறலாமே என்று கேட்கலாம். அங்கே வீட்டு வாடகையும், அதற்கு முன்பணமாகக் கேட்கப்படும் தொகையும் காவலாளி, கட்டடத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் போன்றோரின் சம்பளத்துக்கு எட்டுவதில்லை. எனவே லைன் வீட்டை விடாமல் ரயிலைப் பிடிப்பதே கட்டுப்படியாகும் வழி. வாடகைக்குப் பதிலாகத் தூக்கத்தைக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது சம்பளம் வராததற்கும் இதுவே காரணம். விடியும் முன் கிளம்பி இரவில் திரும்பும் ஒருவர் இருக்கும் வீட்டில், தண்ணீர் பிடிப்பது, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, நோயுற்ற பெரியவரைக் கவனிப்பது அனைத்தும் இன்னொருவர் தலையில் விழுகின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. அவரும் அதே ரயிலில் ஏறினால் வீட்டைப் பார்க்க ஆளில்லை.

உதாரணமாக, மாதம் 15 ஆயிரம் ரூபாய் ஈட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 25 வேலை நாள்கள் என்றால் ஒரு நாள் கூலி 600 ரூபாய். வெளியில் உண்ணும் ஒரு வேளை உணவுக்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 60 ரூபாய் என்றாலும் மாதம் 1,500 ரூபாய். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வீடு வந்து சேருமுன்னே தீர்ந்துவிடுகிறது. ரயில் ரத்தாகி ஒரு நாள் வேலை போனால் மேலும் 600 ரூபாய் இழப்பு. மாதக் கடைசியில் ஏலச்சீட்டுத் தவணைக்கோ மருந்துக்கோ பணம் முட்டுப்படும்போது நகை அடகுக் கடைக்குப் போகிறது. தங்கம் தோண்டிய குடும்பங்கள், 10 கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய 2025-லும், ஒரு ஜோடி கம்மலை மீட்க வட்டி கட்டும் நிலை இது.

தில்லியின் முடிவுகள்: 2009-ம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் மம்தா பானர்ஜி 'இஸ்ஸத்' திட்டத்தை அறிவித்தார். மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாத வருமானம் உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாயில் மாதச் சீட்டு என்பது அத்திட்டம். மாரிகுப்பம் - பெங்களூர் தொலைவு அந்த வரம்புக்குள் அடங்கும். அப்போது ரயில்வே இணை அமைச்சராக இருந்தவர் கோலார் தொகுதி உறுப்பினர் கே.எச். முனியப்பா. ஆனால், நாளொன்றுக்கு 50 ரூபாய் என்ற வருமான வரம்பு, தினமும் நகரத்துக்குச் சென்று வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குப் பொருந்தியிருக்கும்?

2014 ஜூனில், 15 ஒருவழிப் பயணக் கட்டணத்தின் அடிப்படையில் இருந்த மாதச் சீட்டை ஏறக்குறைய 30 பயணக் கட்டணமாக உயர்த்த அறிவிப்பு வெளியானது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. கரோனா காலத்தில், 2020 மார்ச்சில் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பின்னர் அவை மீண்டும் ஓடியபோது விரைவு ரயில் கட்டணம் வசூலிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயானது. அது மீண்டும் 10 ரூபாய்க்குத் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். 2025 ஜூலைக் கட்டண உயர்வில் மாதச் சீட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது ஆறுதலான செய்தி. ரயில்வேக்கெனத் தனி பட்ஜெட் தாக்கலாகும் வழக்கம் 2017-ல் முடிவுக்கு வந்துவிட்டதால், இத்தகைய கட்டணங்கள் அவையில் தனியாக அலசப்படும் வாய்ப்பும் குறைந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டிலிருக்கும் முதியவரின் ஓய்வூதியத்துக்கும் இதே கதிதான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இதை உயர்த்தக் கோரி நாடாளுமன்றத்தில் பலமுறை குரல் எழுப்பப்பட்டுள்ளது. ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி இல்லாததால், விலை உயர உயர முதியவரின் பங்கு சுருங்கி, அந்தச் சுமையும் ரயிலேறும் ஒருவரின் சம்பளத்தில் சேர்கிறது.

மாநிலம் தரும் கை: கர்நாடக அரசு 2023-ல் தொடங்கிய கிருகலட்சுமி (குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய்), 200 யூனிட் வரை இலவச மின்சாரம் ஆகிய திட்டங்களை இலவசங்கள் என்று விமர்சிப்போர் உண்டு. மாரிகுப்பத்தின் கணக்கில் பார்த்தால், சுரங்கம் மூடியபோது பறிபோன அந்த இரண்டாவது வருமானத்தின் ஒரு பகுதியே இவற்றின் வழியே திரும்பி வந்திருக்கிறது. அதே ஆண்டில் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் பேருந்துக்கு மட்டுமே, ரயிலுக்கு அல்ல.

சுரங்கம் திரும்புமா என்ற கேள்வி தேர்தல்தோறும் எழுகிறது. 2013-ல் சர்வதேச ஒப்பந்தப்புள்ளிக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டும் விற்பனை நடக்கவில்லை. 2024 ஜூனில், ஆயிரம் ஏக்கரில் பரந்துள்ள 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் அளித்தது. ஆனால், மண்மேட்டை இயந்திரங்களால் அள்ளிச் சலிக்கும் தொழில், பழைய ஆழ்சுரங்கம் அளவுக்கு ஆள் கேட்காது.

ஆகவே, மண்மேடுகளில் எத்தனை டன் தங்கம் உள்ளது என்று கேட்கும் உறுப்பினர்கள், மேலும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகாலை ரயிலில் எத்தனை பெட்டிகள் கூட்டப்படும்? ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் எப்போது உயரும்? மண்மேடுகளில் வேலை தொடங்கும்போது, அதற்கான ஆள்களில் எத்தனை பேர் மாரிகுப்பத்திலிருந்து எடுக்கப்படுவார்கள்? மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய அமைச்சகங்கள் தில்லியில்தான் இருக்கின்றன.