செம்பனைக் கன்றின் இலை சொல்லும் சேதி

கெடா தோட்டப்புறங்களில் பால் மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் சொந்த நிலத்தில் நடும் சிறு தோட்டக்காரருக்கு ஒரே கவலை: வாங்கிய கன்று நல்ல இனம்தானா?

'டூரா' பழத்துக்குத் தடித்த ஓடு. 'பிசிபெரா'வுக்கு ஓடு இல்லை. ஆனால், குலைகள் பெரும்பாலும் பழுக்காமலே அழுகிவிடும். இரண்டையும் கலந்து பெறும் 'தெனெரா'வுக்கு மெல்லிய ஓடு, நிறைந்த சதை. டூராவை விட சுமார் 30 விழுக்காடு அதிக எண்ணெய் கிடைக்கும். கலப்பின்போது அயல் டூராவின் மகரந்தம் புகுந்துவிட்டால் கன்றும் டூராதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டுகள் உரம் போட்டு, காய்த்த பிறகு பழத்தை அறுத்தால்தான் தெரியும். அப்போது மரத்தைச் சாய்க்க யாருக்கு மனம் வரும்? அது 25 ஆண்டுகள் நிற்கும்.

2013-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள், அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து, ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இப்போது நாற்றங்கால் கன்றின் இலைத் துண்டு ஒன்றே போதும். அந்த மரபணுவின் அடையாளம் இனத்தைக் காட்டிவிடும்.

2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மலேசியாவின் தனியார் நாற்றங்கால்களிலும் தோட்டங்களிலும் சோதித்தவற்றுள் சராசரியாக 10.9 விழுக்காடு தெனெரா அல்ல என்று தெரிந்தது. நூற்றுக்குப் பதினொரு கன்று!