டிக்கியில் இடிமுழக்கம், பானெட்டில் பியூஸ் இருக்கிறதா?

பெங்களூர் டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சர்க்கிள் நோக்கிப் போகும் ஜே.சி. ரோடு, கார் வைத்திருப்பவர்களின் கடைவீதி. சீட் கவர், மிதியடி, ஹாரன், ஸ்டீரியோ என்று காருக்கு வேண்டிய சாமான் எதுவும் அங்கே கிடைக்கும். பொருளை வாங்கிய கையோடு பூட்டியும் கொண்டு வரலாம்.

பண்டிகைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊருக்குக் காரில் புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு வழித்துணை பாட்டுத்தான். அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் கனமாகக் கேட்டால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்து வாங்குவது ஆம்ப்ளிபயரும் சப் ஊபரும்.

ஆசையில் தவறில்லை. ஆனால் இந்த வேலையில் சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்றை விட்டுவிட்டால், பல லட்ச ரூபாய்க் காரும் அதில் இருப்பவர்களும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடும். பேட்டரியின் பக்கத்தில் வைக்க வேண்டிய பியூஸ்தான் அது.

சப் ஊபர் எதற்கு?

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக் கூடியது. இதில் அடிமட்டத்தில் உள்ள கனத்த ஓசைகளைத் தருவது சப் ஊபர். மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் அதிர்வு, இளையராஜா பாடல்களில் தனி வழியே நடக்கும் பேஸ் கிட்டார் எல்லாம் இந்த வகை. இவற்றை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கதவில் உள்ள சிறிய ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது.

டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவுக்கும் வலு குறைவு. பெட்டியின் மேல் "50 வாட், 4 ஸ்பீக்கர்" என்று அச்சிட்டிருந்தாலும், தொடர்ந்து தரக் கூடியது ஸ்பீக்கருக்குச் சுமார் 15 முதல் 20 வாட். ஆகவேதான் தனி ஆம்ப்ளிபயர் வேண்டியிருக்கிறது.

எத்தனை வாட்?

வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்கக் கூடாது. ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணே உண்மையான பலம்.

அதிலும் சந்தேகம் இருந்தால் ஓர் எளிய கணக்கு உண்டு. ஆம்ப்ளிபயரின் உடம்பிலேயே சொருகியிருக்கும் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடும்போது காரின் மின் அழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். 30-ஐ 14-ஆல் பெருக்கினால் 420 வாட். உள்ளே போவதே இவ்வளவு என்றால், வெளியே 3000 வாட் எப்படி வரும்? கடையிலேயே நின்று போட்டுப் பார்க்கக் கூடிய கணக்கு இது.

ஐந்து விளக்குக்குச் சமம்

300 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிபயர் ஒன்று, புதிய 'டி' வகையாக இருந்தால், முழுப் பலத்தில் பாடும்போது சுமார் 27 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். காரின் முன் விளக்கில் உள்ள சாதாரண ஹாலஜன் பல்பு இழுப்பது 5 ஆம்பியருக்குள். அப்படியானால் ஐந்து விளக்கைக் கூடுதலாக எரிப்பதற்குச் சமம். பழைய 'ஏபி' வகை ஆம்ப்ளிபயர் இன்னும் அதிகம் விழுங்கும். பாதிக்குப் பாதி சூடாகவே போய்விடும்.

இவ்வளவு கரண்ட்டை ஸ்டீரியோவுக்கு வரும் மெல்லிய வயரிலிருந்து எடுக்க முடியாது. பேட்டரியிலிருந்தே தனியாகத் தடித்த வயர் ஒன்று பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓட வேண்டும். சிறிய காரிலும் இது நாலைந்து மீட்டர் வரும்.

ஆபத்து இந்த வயரில்தான் இருக்கிறது.

பியூஸ் எங்கே?

"ஆம்ப்ளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. அந்த பியூஸ் காப்பது ஆம்ப்ளிபயரை. அதற்கு முன்னால் உள்ள நாலைந்து மீட்டர் வயரை அது காப்பதில்லை.

என்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் இடையே உள்ள தகட்டின் ஓட்டை வழியாக வயர் போகிறது. வண்டி குலுங்கக் குலுங்க, தகட்டின் கூரான விளிம்பு ரப்பர் உறையை அறுக்கிறது. உள்ளே உள்ள கம்பி காரின் உடம்பைத் தொட்டவுடன் ஷார்ட் ஆகிறது. கார் பேட்டரி அந்த நிலையில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுக்கக் காய்ந்து, மேலுறை பற்றி, கீழே விரித்துள்ள கம்பளத்துக்குத் தீ தாவும். சாவியை அணைத்தாலும் பயனில்லை. இந்த வயர் சாவிக்குக் கட்டுப்பட்டதல்ல.

வீட்டில் மெயின் பியூஸை மீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறோம். கரண்ட் புறப்படும் இடத்திலேயே காவல் வேண்டும் என்பதுதான் காரணம். காருக்கும் அதே நியாயம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஷார்ட் ஆன கணமே அது உருகி, தீயைத் தடுத்துவிடும்.

பியூஸின் அளவை வயரின் தடிமனைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 8 சதுர மில்லிமீட்டர் செப்பு வயருக்கு 50 ஆம்பியர், 20 சதுர மில்லிமீட்டருக்கு 100 ஆம்பியர் என்பது பாதுகாப்பான கணக்கு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றுவதும், கம்பியைச் சுற்றிவிடுவதும் காவல்காரனைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

வயரிலும் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் செப்பு முலாம் பூசியது, பார்வைக்குச் செப்பு போலவே இருக்கும். விலை மலிவு, அதே தடிமனில் தாங்கும் கரண்ட்டும் குறைவு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும்.

பூட்டும் முறை

முதல் வேலை பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுவது. பிறகு பவர் வயரை, தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு உள்ளே இழுக்க வேண்டும். பிரேக், கிளட்ச் மிதிகளில் சிக்காதபடி காரின் ஒரு பக்க ஓரமாகக் கொண்டு போக வேண்டும்.

ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டு வரும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கமாகப் போகட்டும். இரண்டும் ஒட்டிப் போனால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் "ஙொய்" என்ற இரைச்சல் கேட்கலாம். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. வாய் இல்லாவிட்டால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துத் தரும் கன்வர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, ஸ்டீரியோவின் ரிமோட் வயர். பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிபயரும் அணைய வேண்டும். அந்தச் செய்தியைச் சொல்வது இந்த வயர். இதை விட்டுவிட்டு நேரே பேட்டரியில் கொடுத்தால், ஆம்ப்ளிபயர் இரவெல்லாம் விழித்திருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

நான்காவது எர்த். பவர் வயரின் அதே தடிமனில், ஒன்றரை அடிக்கு மிகாமல், பெயின்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பின் சீட்டின் கீழே பெட்ரோல் டேங்க் உள்ள கார்கள் ஏராளம். எந்த இடத்தில் துளை போட்டாலும் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களின் பக்கமே போகலாகாது. எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கிறது. அங்கே கம்பெனிப் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு பேட்டரி முனையை மாட்டி, கடைசியாகப் பேட்டரிப் பக்கத்து பியூஸைச் சொருக வேண்டும்.

ஓம் கணக்கு

4 ஓம் ஊபர் இரண்டை இணையாகப் பூட்டினால் 2 ஓம். தொடராகப் பூட்டினால் 8 ஓம். ஆம்ப்ளிபயர் எத்தனை ஓமுக்குக் கீழே தாங்காது என்று அதன் புத்தகத்தில் எழுதியிருக்கும். அதற்கும் கீழே கொடுத்தால் கொதித்து, அடிக்கடி நின்று, ஒரு நாள் கருகிவிடும்.

'கெயின்' என்ற திருகை வால்யூம் என்று நினைத்து முழுவதும் திருப்புகிறவர்கள் உண்டு. ஸ்டீரியோவை முக்கால் பங்கு சத்தத்தில் வைத்து, கெயினைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி, ஓசை கரகரக்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். 'லோ பாஸ்' திருகு 80 ஹெர்ட்ஸ் அருகில் இருந்தால் போதும்.

காதுக்கும் சட்டத்துக்கும்

85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது நிபுணர் கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் காதில் விழாது என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் இந்தச் சாமான்களுக்குப் பாதுகாப்பு. கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டியிலும் தகராறு வரலாம். வெட்டாமல் சொருகும் கப்ளர்களைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஏற்கெனவே சப் ஊபர் பூட்டியவர்கள் இன்றே பானெட்டைத் திறந்து பார்க்கலாம். பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்று, ஒன்றரை அடிக்குள் பியூஸ் எதுவும் இல்லாமல் நேரே உள்ளே போகிறதா? போகிறதென்றால், பியூஸ் போடும் வரை அந்த வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி வைத்துவிடுவதே உத்தமம். ஊர் போய்ச் சேரும் வரை கதவு ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.