நட்டில் நிற்கும் ஒன்பது சுடர்

யூதர்களின் ஹனுக்கா பண்டிகை எட்டு நாள். கி.மு. 164-ல் எருசலேம் ஆலயத்தை மீட்டதன் நினைவு அது. முதல் இரவு ஒரு மெழுகுவர்த்தி, மறுநாள் இரண்டு என்று எட்டு வரை ஏறும். மற்றவற்றை ஏற்றுவதற்கென்றே தனியாக ஒன்று, பெயர் ஷமாஷ். ஆக ஒன்பது குழி உள்ள தாங்கி வேண்டும். அதன் பெயர் ஹனுக்கியா.

இதைப் பாலிமர் களிமண்ணில் வீட்டிலேயே செய்கிறார்கள். பேருதான் களிமண், உண்மையில் பிளாஸ்டிசைசர் சேர்த்துப் பிசைந்த பி.வி.சி. ஓவனில் சுமார் 130 டிகிரி செல்சியஸில், 6 மி.மீ. கனத்துக்கு 15 நிமிடம் வீதம் வைத்தால் கெட்டிப்படும். சூடு ரொம்ப மீறினால் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்.

சிக்கலே இங்கேதான். மெழுகுவர்த்திச் சுடரோ 1000 டிகிரியைத் தாண்டும்! பண்டிகை வர்த்தியைச் சட்டென்று ஊதி அணைக்கவும் முடியாது. இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரியணும். அடிவரை எரிந்து சுடர் குழியைத் தொட்டால் என்னாகும்?

அதற்கு மருந்து நம்ம ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற அறுகோண நட்! எம்12 நட்டின் துளை சுமார் 10 மி.மீ.; மெல்லிய ஹனுக்கா வர்த்தியின் அடியை லேசாக உருக்கி வைத்தால் நிற்கும். ஈரப்பதமாக இருக்கும்போதே என்று நினைக்காதீர்கள், இதில் தண்ணீரே கிடையாது. வேகவைக்கும் முன் நட்டை அழுத்திப் பதித்தால் போதும். அடியில் வாஷர் போட்டுப் பிரயோஜனமில்லை, அதுக்கும் ஓட்டை! தகரத் துண்டுதான் போடணும். ஆறியபின் ஆடுகிற நட்டுக்கு எப்பாக்ஸி.

எட்டும் ஒரே மட்டத்தில், ஷமாஷ் மட்டும் உயரத்தில். சுடர்கள் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்பது அவர்கள் விதி. நெருக்கி வைத்தால் பக்கத்து மெழுகும் உருகிடும். கீழே உலோகத் தட்டு, பக்கத்தில் ஆள், இரண்டும் அவசியம்.

எட்டு இரவுக்கும் மொத்தம் 44 வர்த்தி. கூட்டிப் பாருங்கள்.