டொமைன் பெயருக்குப் பட்டா உண்டா?

நிலத்துக்குப் பட்டா உண்டு; வீட்டுக்குக் கிரையப் பத்திரம் உண்டு. இணையத்தில் ஒருவர் பதிவுசெய்து வைத்திருக்கும் டொமைன் பெயருக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டணம் செலுத்தி அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும் பதிவு மட்டுமே அவருடைய ஆதாரம். பொருளியல் மொழியில் சொன்னால், அது சொந்த நிலமன்று; குத்தகை. அந்தப் பெயரைத் தனக்குத் தரவேண்டுமென ஒரு பெரிய நிறுவனம் புகார் தொடுத்தால், பதிவாளருக்காக நிற்கும் வழக்குரைஞர் எதை வைத்து வாதாடுவார்? சொத்துரிமையின் பொருளியலைக் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில், இது சட்டத்துறையினர் மட்டுமே கவலைப்பட வேண்டிய கேள்வியன்று எனக் கருதுகிறேன்.

தொடக்க காலத்தில் முந்தியவருக்கே பெயர் என்பதுதான் விதி. அதைப் பயன்படுத்திச் சிலர் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்களைப் பதிவுசெய்துகொண்டு விலை பேசினர். பனாவிஷன் என்ற திரைப்படக் கருவி நிறுவனத்தின் பெயரைப் பதிவுசெய்த ஒருவர் 13,000 டாலர் கேட்டார். 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, யுடிஆர்பி எனப்படும் பொதுவான தகராறு தீர்வுக் கொள்கையை ஏற்றது. ‘டாட் காம்’ போன்ற பெயரைப் பதிவு செய்யும் எவரும், படித்தாலும் படிக்காவிட்டாலும், பதிவு ஒப்பந்தத்தின் வழியே இக்கொள்கைக்குக் கட்டுப்படுகிறார்.

புகார்தாரர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும். டொமைன் பெயர் தம்முடைய வணிகக்குறியைப் போலவே, அல்லது குழப்பம் விளைவிக்கும் அளவு ஒத்து இருப்பது. பதிவாளருக்கு அப்பெயரில் நியாயமான உரிமையோ நலனோ இல்லாதது. தீய நோக்கத்துடன் அது பதிவு செய்யப்பட்டு, அதே நோக்கத்துடன் பயன்படுத்தப்படுவது. மூன்றில் ஒன்று பொய்த்தாலும் புகார் தோற்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் பணி முழுவதும் இந்த மூன்றில் ஒன்றையேனும் தகர்ப்பதுதான்.

அவருக்குக் கிடைக்கும் காலமோ குறைவு. பதிலளிக்க 20 நாள். நேரடி விசாரணை வழக்கமாக இல்லை. சாட்சிக் கூண்டு இல்லை. எல்லாம் எழுத்து ஆவணங்களே. ஆகவே அவர் முதலில் தேடுவது தேதிகளை. டொமைன் எப்போது பதிவானது, வணிகக்குறி எப்போது பிறந்தது? பெயர் முதலில், குறி பின்னர் எனில், இல்லாத குறியை மனத்தில் வைத்து எவரும் தீய நோக்கத்துடன் பதிவு செய்திருக்க முடியாது என்பதே பொதுவாக ஏற்கப்படும் வாதம். அடுத்து, பழைய இணையப் பக்கங்களின் சேமிப்பு நகல்கள், ரசீதுகள், கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு அப்பெயரில் உண்மையான தொழிலோ முயற்சியோ நடந்ததைக் காட்டுவார். மூன்றாவதாக, அந்தச் சொல் யாருடைய தனிச்சொத்தும் அன்று, அகராதியில் உள்ள பொதுச்சொல் என நிறுவுவார்.

2000ஆம் ஆண்டில் பாடகர் ஸ்டிங் தம் மேடைப் பெயரிலான டாட் காம் முகவரியைக் கேட்டுத் தோற்றது ஏறக்குறைய இந்தக் காரணத்தால்தான். ‘ஸ்டிங்’ சாதாரண ஆங்கிலச் சொல் என்றும், பதிவாளரின் தீய நோக்கம் நிறுவப்படவில்லை என்றும் நடுவர் முடிவு செய்தார். நீதிமன்றத்துக்குச் சென்ற நிசான் வழக்கு இன்னும் கசப்பானது. ஊசி நிசான் என்ற கணினி வணிகர் தம் குடும்பப் பெயரை 1994இல் பதிவு செய்தார். 1999இல் நிசான் கார் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் போராடிப் பெயரைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் அந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலை ஒரு சிறு வணிகர் எளிதில் தாங்கக்கூடியதன்று.

எனக்கு உறுத்துவது இந்தச் செலவுக் கணக்குதான். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் ஒரு பெயருக்காகப் புகாரளிக்க, ஒற்றை நடுவர் எனில் கட்டணம் 1,500 டாலர். மூவர் குழு எனில் 4,000. எதிர்த்தரப்பு மூவர் குழுவைக் கேட்டால், பாதிக் கட்டணம் அவர் தலையில் விழும். வழக்குரைஞர் கட்டணம் தனி. வென்றாலும் அது திரும்பக் கிடைக்காது. மறுபுறம், அடிப்படையற்ற புகாரைத் தீய நோக்குடன் தொடுத்தவர் என்று நடுவரே கண்டறிந்தால், அதற்குத் ‘தலைகீழ் டொமைன் பறிப்பு’ என்று பெயர் மட்டும் உண்டு, அபராதம் இல்லை. தீர்ப்பில் ஒரு வரி எழுதப்படுவதோடு சரி. ஒரு நல்ல பெயரின் சந்தை விலை பல்லாயிரம் டாலராக இருக்கும்போது, வாங்குவதைவிடப் புகாரளித்துப் பார்ப்பது மலிவு என்று ஒரு நிறுவனம் கணக்கிட்டால், தவறு அதன் பேராசையில் மட்டுமில்லை. விதி வகுத்த விலையிலும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வங்கிகளின் பெயரைச் சற்றே திரித்துப் போலித்தளம் நடத்தி ஏமாற்றுவோர் ஏராளம். ஜெனீவா அமைப்புக்கு மட்டும் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட புகார்கள் வருகின்றன; பெரும்பாலானவை நியாயமானவையே. விரைவான, மலிவான வழி தேவைதான். ஆனால் விரைவின் சுமை முழுவதும் ஒரு தரப்பின்மீது இறங்கக்கூடாது.

இந்தியாவில், டொமைன் பெயர்களுக்கெனத் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், வணிகக்குறிச் சட்டத்தின் கோட்பாடுகள் அவற்றுக்குப் பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘டாட் இன்’ பெயர்களுக்கு நம்முடைய தனிக் கொள்கை உண்டு. உலகக் கொள்கை தீய நோக்கப் பதிவு, தீய நோக்கப் பயன்பாடு ஆகிய இரண்டையும் கேட்கிறது. நம் கொள்கைக்கு இரண்டில் ஒன்றே போதும். ‘உம்’ என்பதற்கும் ‘அல்லது’ என்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு, தற்காத்துக்கொள்ளும் வழக்குரைஞரின் கையிலிருந்து ஒரு முக்கிய வாதத்தைப் பறித்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை இரண்டு. தீய நோக்கப் புகாருக்கு, எதிர்த்தரப்பின் செலவையாவது புகார்தாரர் ஏற்க வேண்டுமென உலகக் கொள்கை திருத்தப்பட வேண்டும். நம் கொள்கையின் ‘அல்லது’ மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டும்.

அதுவரை சிறு வணிகர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பவர் பெயரில் அல்லாமல், தம் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்யுங்கள். பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரி நடப்பில் இருக்கிறதா எனப் பாருங்கள். வராத மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல முடியாது. பதில் இல்லாத வழக்கில் பெயர் பெரும்பாலும் கைமாறிவிடும். பழைய ரசீதுகளையும் விளம்பரங்களையும் பத்திரப்படுத்துங்கள். பட்டா இல்லாத சொத்துக்கு அனுபவப் பாத்தியதையைக் காட்டும் சான்றுகள் அவைதாம்.